லைனை முதலில் வாங்குங்கள்: வடசென்னையில் ஃப்ளை ஃபிஷிங் தொடங்குகிறவர்களுக்கு

எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சு வலை போடுகிற அண்ணன் ஒருவர், நான் ஃப்ளை லைனை வீசிப் பழகுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, "இன்னா தம்பி இது, ஈயமே காணோம், எப்படி அம்மாந்தூரம் போவுது?" என்று கேட்டார். லைனின் முன்பகுதியைச் சுருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். "கயித்துலயே கனத்த வச்சிருக்கான்" என்றார். எத்தனையோ பேர் எனக்கு ஃப்ளை ஃபிஷிங்கை விளக்கியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

சாதாரணத் தூண்டிலில் நரம்பு மெல்லியது, எடையே இல்லாதது. முனையில் கட்டிய ஈயக்குண்டு பறக்கும்போது நரம்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் முடியும் இறகும் ஜிகினாவும் கட்டிச் செய்த பொய்யிரை. ஊதினால் பறக்கும். அதை மட்டும் எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் பிளாஸ்டிக் பூசிய தடித்த லைனைச் சாட்டை மாதிரி பின்னுக்கும் முன்னுக்கும் சுழற்றி விரிக்கிறோம், ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. வீச்சு வலையின் ஓரத்து ஈயமணிகள் செய்யும் வேலையை இங்கே முழு லைனும் செய்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் எதை முதலில் வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். பெரும்பாலானவர்கள் ராடை, அதாவது தூண்டில் கம்பைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ராட், ரீல், லைன், நாலைந்து ஃப்ளை எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். குளிர் ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்க உருவான, 5ஆம் எண் பெட்டி அது (எண் என்னவென்று கீழே சொல்கிறேன்). மே மாதம் காலை ஒன்பது மணிக்குத் திருவொற்றியூர் கற்களின் மேல் நின்று வீசினால், லைன் வெயிலில் இளகி ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தது. இரண்டு மாதம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கோளாறும் இல்லை, நம் ஊருக்கான லைன் அது இல்லை. இந்த இரண்டு மாதத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதற்குப் பதில் வேண்டும். வடசென்னைக்காரருக்கு மூன்று வகைத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதலாவது, காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் கல் வரிசைகள். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இவை. அரசு இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் தூண்டில் வளைவு. நமக்காகவே வைத்த பெயர் மாதிரி இருக்கும், ஆனால் ஃப்ளை லைனுக்கு இது கடினமான இடம். கல் இடுக்கில் லைன் சிக்கும், சிப்பி அறுக்கும், பாசி வழுக்கும். முதுகுக்குப் பின்னால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பின்வீச்சில் 40 அடி லைன் நமக்குப் பின்னால் நீளும் என்பதை மறக்கக் கூடாது. கல்லின் கடைசி முனைவரை போய் நின்றால்தான் பின்னால் இடம் கிடைக்கும், அதுவும் அலை அடங்கிய காலையில் மட்டும்.

இரண்டாவது, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகம். ஆழம் குறைவு, அலை இல்லை, பழக நல்ல இடம். கொடுவா, செப்பிலி, பாறை மீன் குட்டிகள், கெளுத்தி எல்லாம் இங்கே உண்டு. மடவை துள்ளுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பாசியும் சேற்றில் உள்ளதும் தின்கிற மீன், ஃப்ளையை அபூர்வமாகத்தான் தொடும். ஆனால் மடவைக் கூட்டம் திடீரென்று சிதறினால், அடியில் அதைத் தின்ன ஒரு கொடுவா வந்திருக்கலாம். வீச வேண்டியது அங்கேதான்.

மூன்றாவது பழவேற்காடு ஏரி. நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அங்கே மீனவர்களுக்குள் பாடு என்ற முறை இருக்கிறது: யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வலை கட்டியிருக்கும் இடத்துக்குக் குறுக்கே நின்று வீசினால், நம் பொழுதுபோக்குக்காக ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தைக் கெடுக்கிறோம். கரையில் இருப்பவரிடம் "அண்ணே, எங்க நிக்கட்டும்?" என்று கேட்டால் போதும், நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள். படகில் போக ஆசைப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஃப்ளை லைனுக்குக் கரையே போதும்.

துறைமுக எல்லைகளுக்குள் தூண்டிலோடு போகவே போகாதீர்கள். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி மூன்றும் காவலில் உள்ள இடங்கள்.

முதலில் சொன்ன மூன்று வகைத் தண்ணீரும் உப்பு அல்லது உவர் நீர். மூன்றிலும் வெயில், மூன்றிலும் காற்று. இனி வாங்கும் ஒவ்வொரு பொருளையும் உப்பு, வெயில், காற்று இந்த மூன்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

லைனின் எண்

ஃப்ளை லைன்களுக்கு 1 முதல் 15 வரை எண் உண்டு. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எடையைக் கிரெயினில் குறிப்பார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம், நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. 5ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், அதாவது 9.1 கிராம். 6க்கு 160 கிரெயின், 10.4 கிராம். 8க்கு 210 கிரெயின், 13.6 கிராம். 10க்கு 280 கிரெயின், 18.1 கிராம். சவரன் கணக்கில் சொன்னால் 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஒன்றே முக்கால் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் துளி எடைதான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது.

எங்கள் பக்கத்துக்கு 8ஆம் எண்ணைத்தான் நான் சொல்வேன். 5ஆம் எண் வீசச் சுகமாக இருக்கும், ஆனால் கடல் காற்று அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும், கனத்துக்காக ஈயத்தில் கண் வைத்த ஃப்ளையைத் தூக்கவும் திணறும். 10ஆம் எண் பெரிய பாறை மீனுக்கு ஏற்றது, புதியவரின் தோளை அரை மணி நேரத்தில் ஓய்த்துவிடும். 8 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு கிலோ செப்பிலி மாட்டினாலும் சுவாரஸ்யம் கெடாது, ஐந்து கிலோ கொடுவா வந்தாலும் கைவிடாது. நன்னீர் ஏரியில் ஜிலேபியும் சின்ன விராலும் மட்டும் போதும் என்கிறவர், அங்கே மீன் பிடிக்க அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு 6ஆம் எண் வாங்கலாம்.

இன்னொரு விஷயம். இப்போது வரும் பல லைன்கள், குறிப்பாகக் கடல் லைன்கள், பெட்டியில் 8 என்று போட்டிருந்தாலும் 210 கிரெயினை விடக் கூடுதலாகவே இருக்கும். இன்றைய விறைப்பான ராடுகள் சீக்கிரம் வளையட்டும் என்று வேண்டுமென்றே கனம் சேர்க்கிறார்கள். புதியவருக்கு இது நல்லதுதான், கொஞ்சம் லைன் வெளியே இருந்தாலே ராட் வளைவது கையில் தெரியும். ஆனால் 8ஆம் எண் பெட்டிக்குள் 280 கிரெயின் இருந்தால் அது உண்மையில் 10ஆம் எண். நல்ல கம்பெனிகள் கிரெயின் எடையைப் பெட்டியிலேயே அச்சிடுகின்றன. எடை போடாத மலிவு லைன் வாங்கினால், தெருமுனை நகைக்கடைத் தராசில் முதல் 30 அடியைச் சுருட்டி வைத்துப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் சந்தோஷமாகவே நிறுத்துக் கொடுத்தார்.

பெட்டியில் இருக்கும் எழுத்துகள்

டபிள்யூஎஃப்-8-எஃப் (WF-8-F) என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எழுத்து லைனின் வடிவம், நடுவில் எண், கடைசி எழுத்து மிதக்குமா மூழ்குமா என்பது.

டபிள்யூஎஃப் என்றால் எடை முன்பக்கம் குவிந்த லைன். முன்னால் 30, 40 அடிக்குத் தடித்த தலைப்பகுதி, பின்னால் மெல்லிய ஓட்டப்பகுதி. தலை காற்றில் விரிந்ததும் மெல்லிய பகுதியைத் தானே இழுத்துக்கொண்டு ஓடும். டிடி என்றால் இரண்டு முனையும் ஒரே மாதிரி சரிந்த லைன். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றலாம் என்பது லாபம், ஆனால் காற்றில் தூரம் போகாது. நமக்கு டபிள்யூஎஃப் மட்டும் போதும். அதிலும் தலைப்பகுதி 40 அடிக்கு மேல் போகாததாகப் பாருங்கள். தலை நீளமாக இருந்தால் அவ்வளவையும் காற்றில் நிறுத்திச் சுழற்றும் கைப்பழக்கம் வேண்டும், அது பின்னால் வரும். தலையும் ஓட்டப்பகுதியும் இரண்டு நிறத்தில் இருக்கும் லைன் கிடைத்தால் விடாதீர்கள். நிறம் மாறும் இடம் ராடின் நுனியில் வந்ததும் வீச வேண்டும் என்று கண்ணே சொல்லிக்கொடுத்துவிடும்.

கடைசி எழுத்து எஃப் என்றால் மிதக்கும், ஐ என்றால் மெதுவாக அமிழும், எஸ் என்றால் மூழ்கும். முதல் லைன் மிதப்பதாகவே இருக்கட்டும். மிதக்கும் லைன் கண்ணுக்குத் தெரியும், தவறு எங்கே என்று தெரியும், அடுத்த வீச்சுக்குத் தண்ணீரிலிருந்து லேசாகக் கிளம்பும். கழிமுகத்தில் நாலைந்து அடி ஆழத்துக்கு ஈயக்கண் ஃப்ளை போதும். கல் வரிசையில் நின்று அலைக்குள் வீசும்போதுதான் மிதக்கும் லைன் தொல்லை, ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கி எங்கேயோ கொண்டுபோய்ப் போடும். நொடிக்கு ஓரிரு அங்குலம் அமிழும் ஐ வகை, அலைக்குக் கீழே போய்விடுவதால் ஃப்ளையோடு தொடர்பு விடாது. அதை ஆறு மாதம் கழித்து இரண்டாவது லைனாக வாங்குங்கள்.

பெட்டியில் தேட வேண்டிய முக்கியமான சொல்

டிராபிக்கல். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

லைனுக்குள் நைலான் நூல் ஒன்று ஓடுகிறது. அதன் மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூச்சு. குளிர்நாட்டு லைனில் பூச்சு மென்மையாக இருக்கும், உள்நூலும் தொளதொளப்பாக இருக்கும். பத்து டிகிரியில் அது விறைக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அதே லைன் நம் வெயிலில் வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடும். வளையத்தில் ஒட்டும், காலைச் சுற்றும், வீசும்போது ராடின் மேலேயே சுருண்டு விழும். டிராபிக்கல் லைனில் உள்நூலும் விறைப்பு, பூச்சும் கடினம். சூட்டில் அது சரியான பதத்துக்கு வரும். சயின்டிஃபிக் ஆங்லர்ஸ், ரியோ, ஏர்ஃப்ளோ, கோர்ட்லாண்ட் போன்ற கம்பெனிகள் வெப்பப் பகுதிக்கென்று தனியாக லைன் செய்கின்றன. வெறுமனே "சால்ட்வாட்டர்" என்று போட்டிருந்தால் போதாது, குளிர்க் கடலுக்கும் சால்ட்வாட்டர் லைன் இருக்கிறது. விற்பவரிடம், எந்த வெப்பநிலைக்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. மார்கழி விடியலில் டிராபிக்கல் லைன் ரீலில் சுற்றியிருந்த வடிவத்திலேயே வளைய வளையமாக வரும். கூட வந்தவரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, பதினைந்து அடி பதினைந்து அடியாக மெதுவாக இழுத்துவிட்டால் நேராகிவிடும். ஊட்டி மாதிரிக் குளிர் இடத்துக்குப் போகிறவர் மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே குளிர் லைன்தான் சரி.

மொத்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், நல்ல லைனுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் ராடும் ரீலும் பாருங்கள் என்பேன். சுமாரான ராடில் நல்ல லைன் வீச வரும். அருமையான ராடில் தப்பான லைன் வரவே வராது. சென்னைத் தூண்டில் கடைகளில் பெரும்பாலும் ஸ்பின்னிங் சாமான், அதாவது மெல்லிய நரம்பில் கனமான இரையை வீசும் தூண்டில்தான் இருக்கும், ஃப்ளை லைனை ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ராட்

9 அடி, 8ஆம் எண், நாலு துண்டு. ராடில் கைப்பிடிக்கு மேலே 908-4 என்று இருந்தால் அதன் பொருள் 9 அடி 0 அங்குலம், 8ஆம் எண், 4 துண்டு. நாலு துண்டு ராட் பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போக வசதி, ஷேர் ஆட்டோவிலும் அடங்கும்.

விறைப்பில் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதாக எடுங்கள். விற்கிறவர்கள் அதை மீடியம் ஃபாஸ்ட் என்பார்கள். ரொம்ப விறைப்பான ராட் தேர்ந்த கைக்கு நல்லது. புதியவருக்கு ராட் வளைவது கையில் தெரிய வேண்டும், அதை உணர்ந்துதான் எந்த நொடியில் வீசுவது என்று பழகுகிறோம். கைப்பிடிக்குக் கீழே சின்ன நீட்டம் இருக்கிறதா பாருங்கள், மீன் இழுக்கும்போது வயிற்றில் ஊன்ற உதவும். வளையங்கள் துருப்பிடிக்காத வகையா என்று கேளுங்கள். துண்டுகளைச் சேர்த்து லேசாக ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது.

ராட் கார்பன் இழையால் ஆனது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் தெருக்களில் தலைக்கு மேல் தொங்கும் ஒயர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ ராடைப் பூட்டிப் பார்க்காதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

ரீலும் பின்நூலும்

ஃப்ளை ரீல் வீசுவதற்கு எந்த உதவியும் செய்யாது. லைனை வைத்திருக்கும், பெரிய மீன் ஓடினால் பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் இங்கே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் உப்பைத் தாங்க வேண்டும். பிரேக் பகுதி தண்ணீர் புகாமல் மூடியதாக, அலுமினியம் உப்பு அரிக்காதபடி அனோடைஸ் செய்ததாக, நடு உருளை பெரியதாக இருக்கட்டும். உருளை பெரியதானால் லைன் இறுக்கமாகச் சுருளாது, மீன் நம்மை நோக்கி ஓடி வரும்போது வேகமாகவும் சுற்றலாம்.

ஃப்ளை லைன் 90, 100 அடிதான் இருக்கும். அதற்குப் பின்னால் டாக்ரான் என்ற பாலியெஸ்டர் பின்நூல், 20 பவுண்டு இழுப்பைத் தாங்குவது, 150 கஜம். காசிமேட்டில் விலை குறைவாகக் கிடைக்கும் நரம்பை இதற்குப் பதிலாகச் சுற்ற நினைப்பீர்கள், வேண்டாம். நைலான் நரம்பு இழுபடும். இழுபட்ட நிலையில் சுற்றினால் பிறகு சுருங்கி ரீலின் உருளையையே நெரித்துவிடும்.

லீடர்

தடித்த லைனின் முனையில் நேராக ஃப்ளையைக் கட்ட முடியாது. நடுவில் தடித்துத் தொடங்கி மெலிந்துகொண்டே போகும் நரம்பு வேண்டும். வாங்கலாம், நாமே கட்டவும் செய்யலாம். நான் கட்டுவது: 40 பவுண்டு நரம்பு 4 அடி, 30 பவுண்டு 2 அடி, 20 பவுண்டு 2 அடி, கடைசியில் மறுபடி 40 பவுண்டு 1 அடி. மொத்தம் 9 அடி. கடைசித் துண்டு எதற்கு என்றால், கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி வெட்டும், வாயும் சொரசொரப்பு. 20 பவுண்டு நரம்பு அதில் அறுந்துவிடும். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் காசிமேட்டு வலைக்கடைத் தங்கூசி நரம்பு தாராளமாகப் போதும். விறைப்பான நரம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

துண்டுகளை இணைக்க இரட்டைச் சர்ஜன் முடிச்சு. இரண்டு நரம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரு வளையம் போட்டு இரண்டு முறை உள்ளே நுழைத்து இழுப்பது, ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுக்கினால் சூடேறி நரம்பு பலம் இழக்கும்.

ஃப்ளை

முதல் வருடத்துக்கு ஒரே ஒரு வடிவம் போதும் என்றால் க்ளவுசர் மின்னோ என்பேன். அமெரிக்காவில் பாப் க்ளவுசர் 1980களில் உருவாக்கியது. முள்ளின் மேல் ஈயக்கண் கட்டியிருப்பதால் அது தலைகீழாக நீந்தும், கூர் மேல்பக்கம் இருக்கும், அடியில் அவ்வளவாகச் சிக்காது. இழுக்கும்போது மேலே எழும், நிறுத்தினால் தலைகுப்புற விழும், அடிபட்ட சின்ன மீன் மாதிரி. வெள்ளையும் கிளிப்பச்சையும் கலந்த நிறத்தில், 1/0 அளவு முள்ளில் நாலு, 2ஆம் அளவில் நாலு. உப்புநீர் முள் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண முள் ஒரே நாளில் துருவேறும்.

கட்டிப் பழகினால் இன்னும் சந்தோஷம். அசலில் இது மான் வால் முடியில் கட்டுவது. நான் சவுகார்பேட்டை ஃபேன்சி கடைகளில் கிடைக்கும் செயற்கைச் சவுரி முடியிலும் ஜிகினா இழையிலும் கட்டுகிறேன், மீன் குறை சொன்னதில்லை. கோழிக்கடையில் கேட்டால் சேவலின் கழுத்து இறகு சும்மாவே தருவார்கள். ஷாம்பு போட்டு அலசி வெயிலில் காய வைத்துப் பயன்படுத்தலாம்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். பழகும் காலத்தில் முதலில் மாட்டுவது நம் காதுதான். நசுக்கிய முள் வலிக்காமல் வெளியே வரும், மீனை விடவும் சுலபம். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு தடவைகூட வீசாதீர்கள்.

ரீலில் ஏற்றுவது

முதலில் பின்நூலை ரீல் உருளையில் கட்டி, ஈரத் துணியால் பிடித்து இறுக்கமாக, இடமும் வலமுமாகப் பரப்பிச் சுற்றுங்கள். லைன் வந்த வட்டத்தில் எந்த முனை ரீலுக்கு என்று சின்ன ஒட்டுச் சீட்டு இருக்கும். அதைப் பார்க்காமல் மாற்றி ஏற்றினால் தலைப்பகுதி அடியில் போய்விடும், முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். நான் ஒரு முறை பிரித்தேன். பின்நூலோடு லைனைச் சேர்க்க, லைன் முனையில் வளையம் இருந்தால் வளையத்துக்குள் வளையம் கோக்கலாம். இல்லையென்றால் ஆணி முடிச்சு, அதற்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலை வெட்டி எடுத்த குழாய் அழகாக உதவும்.

வட்டத்தின் நடு ஓட்டையில் பென்சில் கொடுத்து, வீட்டில் யாரையாவது இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லி, வட்டம் உருள உருளச் சுற்றுங்கள். பக்கவாட்டில் உருவினால் லைன் முறுக்கேறும், அந்த முறுக்கு லேசில் போகாது. ரீலின் விளிம்புக்கு ஒரு சுண்டுவிரல் இடம் இருக்கும்போது லைன் முடிந்தால் சரியான அளவு. அப்புறம் லீடர், கடைசியில் ஃப்ளை.

தண்ணீருக்குப் போகும் முன்

ஒரு வாரமாவது புல்லில் பழகுங்கள். ஃப்ளைக்குப் பதில் உல்லன் நூல் துண்டைக் கட்டுங்கள். சிமென்ட் தரையும் மணலும் பூச்சைத் தேய்த்துவிடும், புல் கிடைக்காவிட்டால் பழைய தார்ப்பாய் விரித்து அதன் மேல் லைன் விழட்டும். 30 அடியை வெளியே விட்டு, நுனியைத் தாழ்த்தித் தொடங்கி, மெதுவாகத் தூக்கி வேகம் கூட்டி, தலைக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நிறுத்துங்கள். அங்கேதான் பொறுமை வேண்டும். லைன் பின்னால் முழுதாக விரியும்வரை காத்திருந்து பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும், ஃப்ளை கட்டியிருந்தால் அறுந்து போயிருக்கும். ஆரம்பத்தில் வெட்கப்படாமல் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், லைன் நீண்டதா என்று.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலைப் பார்த்து நின்றால் நமக்கு வலப்பக்கம் தெற்கு. தென்னல் அடிக்கும் மாதங்களில் காற்று வலது தோளில் மோதும், வலக்கைக்காரருக்கு லைனும் ஃப்ளையும் தலைமேல் வந்து விழும். அப்போது ராடை இடது தோளுக்கு மேலே சாய்த்து வீசுங்கள், லைன் உடம்புக்கு அப்பால் போய்விடும். வாடைக் காலத்தில் காற்று இடப்பக்கமிருந்து வரும், வலக்கைக்காரருக்குத் தொல்லை இல்லை. இடக்கைக்காரர் இதை அப்படியே திருப்பிக்கொள்ளலாம். எந்த மாதமானாலும் விடியலில் தொடங்கி, கடற்காற்று எழும் முன்பே முடித்துவிடுவது சுகம்.

முதல் நாள்

எண்ணூரில் ஏத்தமும் வத்தமும், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், ஒரு நாளைக்கு இரண்டு முறை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் மீன் இரை தேடும், தேங்கி நிற்கும் நேரத்தில் டீ குடிக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கூடுதல், முகத்துவாரத்தில் இழுப்பும் கூடுதல். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சிப்பியும் கண்ணாடித் துண்டும் அடியில் கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை முன்னாலேயே விலகிப் போய்விடும்.

ஃப்ளை விழுந்ததும் ராடின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, லைனை ராடைப் பிடித்த கையின் விரலுக்கு அடியில் கொடுத்து, மற்ற கையால் ஒரு சாண், ஒரு சாணாக இழுங்கள். மீன் தொட்டதும் ராடைத் தூக்கத்தான் கை துடிக்கும். தூக்காதீர்கள். நுனி தாழ்ந்தபடியே இருக்க, லைனை நீளமாக ஒரு இழுப்பு இழுங்கள். முள் ஏறவில்லை என்றாலும் ஃப்ளை ஓரிரு அடிதான் நகர்ந்திருக்கும், மீன் திரும்பி வந்து மறுபடி கடிக்கும். ராடைத் தூக்கியிருந்தால் ஃப்ளை தண்ணீரை விட்டே வெளியேறியிருக்கும்.

கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்க வேண்டாம். முதுகிலும் இரு பக்கத்திலும் இருக்கும் முள் குத்தினால் அன்றைய நாள் போயிற்று. இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுங்கள். கழிமுகத்தில் பிடிக்கும் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அந்தத் தண்ணீரில் சாம்பலும் ஆலைக்கழிவும் பல வருடமாகக் கலந்திருக்கின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. எத்தனையோ குடும்பம் நம்பியிருக்கும் தண்ணீருக்கு இந்தக் கதி வந்தது என்பது ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மனதை அழுத்துகிறது. குழம்புக்கு வேண்டியதைத் திரும்பும் வழியில் காசிமேட்டில் வாங்கிக்கொள்கிறேன்.

வீடு திரும்பியதும்

சாப்பிடும் முன் இதை முடித்துவிடுங்கள். ராட், ரீல் இரண்டையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். லைனை ஒரு பக்கெட்டில் உருவிவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணிக்குள் இழுத்துத் துடையுங்கள். துணி கறுத்தால் ஆச்சரியப்படாதீர்கள், அத்தனை அழுக்கோடும் அது வளையத்துக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. துணி துவைக்கும் பவுடர், பெட்ரோல், தின்னர் எதுவும் லைனில் படக் கூடாது. கொசு விரட்டிக் களிம்பும் அப்படித்தான். அதில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் பிளாஸ்டிக்கையே கரைக்கும், தடவிய கையைக் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள். ரீலை வண்டியின் டிக்கியிலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்காமல் அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு முறை முதல் 30 அடியை விரலுக்கு நடுவில் ஓட்டிப் பாருங்கள். பூச்சில் கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் உள்நூலுக்குப் போகத் தொடங்கிவிட்டது, லைனின் முனை மிதக்காமல் அமிழும். அப்போது அடுத்த லைனுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம், பழையதைப் புல்லில் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.